செஸ் ஒலிம்பியாட்டில் நாலாவது போர்டில் ஆடுபவருக்கு அப்படி என்ன பெரிய அழுத்தம்?

நாலாவது போர்டு, அதாவது அணிக்காக ஒரே நேரத்தில் நடக்கும் நாலு ஆட்டங்களில் கடைசி மேசை என்றால், ஒப்புக்குச் சப்பாணி என்று நினைத்துத்தான் கேட்கிறீர்கள் போல. கல்லூரி அணியில் மூன்று வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். கேள்வி சுருக்கென்று தைத்துவிட்டது.

2022 ஆகஸ்ட் 1, மாமல்லபுரம். பெண்கள் பிரிவு நாலாவது சுற்றில் இந்தியா 'ஏ' அணிக்கு எதிரே ஹங்கேரி. ஹம்பி, ஹரிகா, வைஷாலி மூவரும் ட்ரா. ஜெயித்தது நாலாவது போர்டில் தானியா சச்தேவ் மட்டும், ஜோகா காலுக்கு எதிராக. வெற்றிக்கு ஒன்று, ட்ராவுக்கு அரை என்று 2.5-1.5. அந்த ஒரு ஆட்டமும் ட்ரா ஆகியிருந்தால் மேட்சை ஜெயித்ததற்கு அணிக்குக் கிடைத்த இரண்டு புள்ளி ஒரு புள்ளியாகக் குறைந்திருக்கும். கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் 1-3 என்று தோற்றபோது தோற்ற இருவரில் அவரும் ஒருவர், தெரியும். கமென்டில் அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அணிக்கு வெண்கலம், நாலாவது போர்டுக்கான தனிநபர் வெண்கலம் அவருக்கு. சும்மா கிடைக்குமா?

என் கதைக்கு வருகிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. யானை எண்ட்கேம் (ராஜா, யானை, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டம்), எனக்கு ஒரு சிப்பாய் அதிகம், கடிகாரத்தில் நாலு நிமிடம். எதிரே இருந்த பெண் மெதுவாக "ட்ரா?" என்றாள். அணிப் போட்டியில் கேப்டன் ட்ராவை ஏற்கலாமா வேண்டாமா என்று சொல்லலாம். காய்களின் நிலையைப் பற்றித்தான் வாய் திறக்கக் கூடாது. எங்கள் கேப்டனாக வந்த பி.டி. சார் டீ குடிக்கப் போயிருந்தார். பக்கத்து போர்டைப் பார்த்தேன், காய்களை மறுபடி வரிசையாக அடுக்கிவிட்டார்கள். யார் ஜெயித்தது என்றே தெரியவில்லை. நகர்த்தல்களை எழுதும் நோட்டேஷன் தாளில் வியர்வை பட்டு மை இழுவிக் கிடந்தது. ட்ராவுக்குக் கையை நீட்டிவிட்டேன்.

வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, நாங்கள் 1-2 என்று பின்தங்கியிருந்தோம். 1.5-2.5 தோல்வி. திரும்பி வரும்போது வேனில் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. ஒரு சிப்பாய் அதிகம் உள்ள யானை எண்ட்கேம் பெரும்பாலும் ட்ராதான் என்று பாடம் எடுக்க வருகிறவர்களுக்கு: அதுவும் தெரியும். ஆடிப் பார்த்திருக்கலாம் இல்லையா?

அப்புறம் இன்னொன்று. மூன்று நாளுக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) உண்டு என்று சொல்லிக் கூட்டிப்போன கல்லூரி, ஆப்சென்ட் போட்டு, வருகை குறைந்ததற்கான கண்டோனேஷன் கட்டணத்தைக் கட்டவைத்தது. கிரிக்கெட் பையன்களுக்கு மட்டும் ஓ.டி. ஒழுங்காக ஏறியிருந்தது. "உட்கார்ந்து ஆடுறதுக்கு எதுக்கும்மா ஓ.டி.?" என்று கேட்டவர் இன்னும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறார்.