ஒருமுறை வந்தால் மறுபடி வராதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். 2006-ல் எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு பேராவது சிக்குன்குனியாவில் படுத்துவிட்டார்கள். அப்பாவுக்கும் வந்தது. அதற்கப்புறம் இன்றுவரை அவருக்கு அது வரவில்லை. ஆனால் அம்மாவுக்குக் கொரோனா மூன்று தடவை வந்துவிட்டது. முதல் தடவை ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றாவது தடவை இரண்டு நாள் தொண்டைவலியோடு சரியாகிவிட்டது. புதிதாக ஒரு வைரஸ் வந்தால், அதனால் கிடைக்கிற எதிர்ப்பு சக்தி நிலைக்குமா, நிலைக்காதா? "எந்தக் காய்ச்சலும் சீக்கிரம் வந்து போய்விடுவதே நல்லது, உடம்பு பழகிக்கொள்ளும்" என்கிறார் என் கொழுந்தனார். அது சரியா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவின் அனுபவமும் அம்மாவின் அனுபவமும் ஒன்றுக்கொன்று முரணானவை இல்லை. வந்தது எந்த வைரஸ், அது உடம்பில் எங்கே தங்கி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு பழைய சம்பவம் உண்டு. ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே கடலில் ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. 1781-ல் அங்கே தட்டம்மை பரவியது. பிறகு 65 வருடம் தட்டம்மையே இல்லை. 1846 மார்ச்சில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒரு தச்சருக்கு அம்மை கண்டது. ஏறக்குறைய 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் சில மாதங்களுக்குள் சுமார் 6,000 பேருக்கு வந்துவிட்டது. டென்மார்க் அரசு அனுப்பிய மருத்துவர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும். வயது 25. ஊர் ஊராகப் போய், யார் எந்த நாளில் நோயாளியோடு இருந்தார், அவருக்கு எந்த நாளில் தடிப்பு தெரிந்தது என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டார்.

1781-ல் சின்ன வயதில் அம்மை கண்டு பிழைத்த கிழவர், கிழவிகள் 98 பேரை அவர் பார்த்தார். ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வரவில்லை. வயதாகிவிட்டதால் வராமல் போயிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் 1781-ல் அம்மை வராமல் தப்பித்திருந்த முதியவர்கள் இந்தமுறை படுத்தார்கள். ஆக, அந்த 98 பேரைக் காத்தது வயது அல்ல, 65 வருடத்துக்கு முந்தைய ஞாபகம். நடுவில் ஒருமுறைகூட அந்த வைரஸ் வந்து நினைவூட்டவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இந்த ஞாபகம் எங்கே இருக்கிறது? நோய் தீர்ந்ததும் ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது வைரஸைப் பிடித்து முடக்கும் புரதம், குறைந்துகொண்டே வரும். ஆனால் சில செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள் குடியேறி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும். 1918-ன் இன்ஃப்ளுயன்சா (ஃப்ளூ) காலத்தில் வாழ்ந்திருந்த, 91 வயது முதல் 101 வயது வரையான 32 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 90 வருடம் கழித்தும் 32 பேரின் ரத்தமும் அந்த வைரஸை அடையாளம் கண்டது.

அப்படியென்றால் ஃப்ளூ ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்பீர்கள். உடம்பு மறந்துவிடவில்லை. வைரஸ்தான் வேஷத்தை மாற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொரு காரணம் நேரம். தட்டம்மை உள்ளே நுழைந்ததிலிருந்து தடிப்பு தெரிய 13, 14 நாள் ஆகும் என்று கணக்கிட்டதும் பானும்தான். அந்த இடைவெளியில் ஞாபக செல்கள் விழித்து, பெருகி, வேலையை முடித்துவிடும். சளி வைரஸ்களுக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. மூக்கிலும் தொண்டையிலும் இரண்டு மூன்று நாளில் பெருகிவிடும். சாதாரணச் சளி தரும் கொரோனா வைரஸ்கள் நான்கு உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 10 ஆண்களின் ரத்த மாதிரிகளைப் பல வருடங்களுக்குத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு வருடம் போனால் அதே வைரஸ் மறுபடி தொற்றுவது சகஜம் என்று தெரிந்தது.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா இரண்டாம் முறை தொற்றியதாக மரபணு ஆய்வில் முதலில் உறுதியானது ஹாங்காங்கில், 2020 ஆகஸ்டில். 33 வயது ஆண். முதல் தடவை காய்ச்சல், இருமல். 142 நாள் கழித்து விமான நிலையச் சோதனையில் பாசிட்டிவ், ஆனால் எந்த அறிகுறியும் இல்லை. அந்த வாரம் செய்திகளைப் பார்த்து நானும் பயந்தேன். இன்று அதையே நிம்மதி தரும் செய்தியாகப் பார்க்கிறேன். மூக்குக்குள் வராமல் தடுப்பது வேறு, நுரையீரல் வரை போகவிடாமல் நிறுத்துவது வேறு. முதலாவது சில மாதங்களில் தளர்ந்துவிடுகிறது, இரண்டாவது அதைவிட நீடிக்கிறது. ஆக்சிஜனில் தொடங்கி தொண்டைவலியில் முடிந்த அம்மாவின் கணக்கில் தடுப்பூசி, மாறிவந்த வைரஸ் எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கும். ஆனால் அவர் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கொரோனாவுக்கு உறவான 2003-ன் சார்ஸ் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இரண்டு மூன்று வருடத்திலேயே பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் அதில் பிழைத்த 23 பேரைச் சிங்கப்பூரில் 17 வருடம் கழித்துச் சோதித்தபோது, அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) அவர்களிடம் இன்னும் இருந்தன. புதிய வைரஸ் வந்த முதல் வருடத்திலேயே 'நிலைக்கும்', 'நிலைக்காது' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். 17 வருட ஞாபகத்தைச் சோதிக்க 17 வருடம் காத்திருக்கத்தான் வேண்டும்.

சரி, கொழுந்தனாருக்கு. எல்லா வைரஸும் வந்து போய்விடுவதில்லை. சின்னம்மை வைரஸ் நரம்பின் வேர்களில் ஒளிந்திருந்து, பல வருடம் கழித்து அக்கியாகக் கிளம்பும். குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருந்திருப்பார்கள். டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்தால் அந்த வகைக்குத்தான் நீண்டகாலப் பாதுகாப்பு. அடுத்து வேறு வகை வந்தால் முதல் முறையைவிட மோசமாகும் ஆபத்து அதிகம். தட்டம்மையோ பழைய ஞாபகங்களையே அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்தபோது, வேறு நோய்களுக்கு எதிராகச் சேர்ந்திருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை அம்மைக்குப் பின் காணாமல் போயிருந்தது.

என் அம்மாவுக்கும் 2006-ல் சிக்குன்குனியா வந்தது. உங்கள் அப்பாவைப் போலவே மறுபடி வரவில்லை. அந்த எதிர்ப்பு சக்தி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சல் விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியும் காலையில் காபி டம்ளரை விரல்களால் பிடிக்க முடியாமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தூக்கித்தான் குடித்தார். குழாயை மூட என்னைக் கூப்பிடுவார்.