அட்வான்ஸ் கட்டி வாங்குவது பேக்கப் அல்ல

2025 மே மாதம் பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, மகள், தாய்மாமன். அப்பா ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர். மகள் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருந்தாள். கணிதத்தில் நல்ல மதிப்பெண், வேதியியல் காலை வாரியதில் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 158.5.

பேச்சைத் தொடங்கியது மாமா. சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்ட வேண்டும். "கவுன்சிலிங்ல எது கெடைக்குமோ கெடைக்காதோ. இதைப் போட்டு வெச்சுட்டா சேஃப்டிங்க மேடம்."

பதற வேண்டாம், 158-க்கும் கல்லூரி இருக்கிறது என்று ஆறுதலாக ஆரம்பித்தேன். கட்டணத் தாளை வாங்கிப் பார்த்ததும் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன். வருடத்துக்கு நான்கு லட்சம், விடுதி தனி. நான்கு வருடத்தில் இருபது லட்சத்தைத் தொடும்.

நான் சொன்னது இதுதான். பேக்கப் கல்லூரி என்றால் மூன்று விஷயம் ஒன்றாக இருக்க வேண்டும். இடம் நிச்சயம் கிடைக்க வேண்டும். கடன் இல்லாமலோ, தாங்கக்கூடிய கடனிலோ கட்டணம் கட்ட முடிய வேண்டும். கடைசியில் அதுதான் அமைந்தது என்றால் பிள்ளை முகம் சுளிக்காமல் போக வேண்டும். மாமா சொன்ன இடத்தில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது, அதுவும் பணம் கொடுப்பதால். தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் கட்டணத்துக்காவது கட்டண நிர்ணயக் குழு என்று ஒன்று உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அதற்குள் வராது.

"லோன் போட்டுக்கலாம்" என்றார் மாமா. போடலாம். பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை பிணை கேட்பதில்லை. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து அடமானம். இவர்களிடம் இருப்பது கோழிக் கொட்டகை நிற்கும் நிலம் மட்டும். பதினைந்து லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் 19,800 ரூபாய்க்கு மேல் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி அதில் சேரவில்லை. முதல் சம்பளம் இருபத்தைந்தாயிரம் என்று வையுங்கள். அந்தப் பெண் கையில் என்ன மிஞ்சும்? மாமா பதில் சொல்லவில்லை. அம்மா மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணிடம் பேச முடிந்தது. வீட்டில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். பண்ணை ரெஜிஸ்டர் அவள் பொறுப்பாம். தினமும் எத்தனை மூட்டை தீவனம் போனது, எத்தனை குஞ்சு செத்தது, வாரக் கடைசியில் சராசரி எடை என்ன, எல்லாம் எழுதி எஃப்.சி.ஆர். போடுவாளாம். ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் போனது என்ற கணக்கு அது. கம்பெனி தரும் வளர்ப்புக் கூலி அதை வைத்துத்தான் ஏறி இறங்கும். சித்திரை வெயிலில் சாவு கூடியபோது கொட்டகையை நான்காகப் பிரித்துத் தனித்தனியாக எண்ணிப் பார்த்திருக்கிறாள். மேற்குப் பக்கம்தான் அதிகம். "சாக்குப் படுதா கட்டி தண்ணி தெளிச்சோம், கொறஞ்சுதுங்க மேடம். ஆனா படுதாவாலதான் கொறஞ்சுதா, நடுவுல ஒரு மழை பேஞ்சுதே அதனாலயான்னு தெரியலைங்க."

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு படிப்பு இருக்கிறது. பி.எஸ்சி. புள்ளியியல்.

அந்த வீட்டில் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை நீளமாகப் போடுங்கள், எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, மீதி ஒரு மணி நேரமும் இதைப் பற்றித்தான் பேசினேன்.

மூன்று வருடப் படிப்பு. நிகழ்தகவு, மாதிரி எடுத்தல், மதிப்பீடு, தரக் கட்டுப்பாடு, சோதனைகளை வடிவமைத்தல். கடைசியாகச் சொன்ன பாடம் விவசாய வயலில் வளர்ந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில், எந்த உரம் விளைச்சலைக் கூட்டியது, எது வெறும் மண் வாகு என்று பிரித்தறிய புள்ளியியலாளர் ஃபிஷர் வகுத்த முறைகள். படுதாவா மழையா என்ற கேள்வியும் அதே சாதிதான்.

தரக் கட்டுப்பாட்டைப் பார்க்க அவர்கள் ஊர் தாண்ட வேண்டியதில்லை. திருப்பூரில் எந்த ஏற்றுமதிக் கம்பெனியிலும் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் 'ஏ.க்யூ.எல். இரண்டரை' என்பார்கள், ஏற்கத்தக்க தர வரம்பு என்று பொருள். வழக்கமான அட்டவணைப்படி 3,000 டி-ஷர்ட் கொண்ட லாட்டில் 125 உருப்படி எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை ஏழு வரை இருந்தால் பாஸ், எட்டானால் மொத்த லாட்டும் திரும்பும். ஏன் 125, ஏன் ஏழு? தினமும் அதைச் செய்கிறவர்களில் பலருக்கு அது தெரியாது. புள்ளியியல் படித்தவருக்குத் தெரியும்.

கோவை அரசு கலைக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி போன்ற இடங்களில் இந்தத் துறை இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் ரத்தாகிப் பல வருடம் ஆகிறது. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று கொஞ்சம் வரும். பல்லடத்திலிருந்து கோவைக்குப் பஸ் ஏறினால் போதும், விடுதி தேவையில்லை. அந்த வருடம் விண்ணப்பம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். இங்கே கட்-ஆஃப் 200-க்குக் கிடையாது, நான்கு முக்கியப் பாடங்களுக்கும் சேர்த்து 400-க்கு. வேதியியலில் விட்டதை மற்ற பாடங்கள் கொஞ்சம் ஈடுகட்டும்.

மேலே போகவும் வழி உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை, பட்டத்தில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்தவர்கள் 21 வயதிலிருந்து எழுதலாம். அது குரூப் ஏ பதவி. டி.என்.பி.எஸ்.சி.யிலும் புள்ளியியல் சார்நிலைப் பணிகள் உண்டு. எம்.எஸ்சி. வேண்டுமென்றால் ஐ.ஐ.டி.க்களின் ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் தனித் தாள். அப்படியும் பொறியியல்தான் என்று பின்னால் மனம் மாறினால், கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரி நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.க்கு விண்ணப்பிக்கலாம். கதவு சாத்திக்கொள்வதில்லை.

குறையையும் சொன்னேன். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் பல வகுப்பு ஓடுகிறது. வளாக நேர்காணல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஆர், பைத்தான் என்ற கணினி மொழிகள் இரண்டையும் பெரும்பாலும் சொந்த முயற்சியில் கற்க வேண்டியிருக்கும். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் சுமார்தான், முதுநிலையையும் சேர்த்து ஐந்து வருடம் என்று மனத்தில் வையுங்கள்.

"சரிங்க, கவுன்சிலிங் முடியட்டும், கெடைக்கலைன்னா இதைப் பாக்கலாம்" என்றார் அப்பா. பெரும்பாலான குடும்பங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். அந்த வருடம் அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு மே 27 கடைசி நாள். பொறியியல் பொதுக் கலந்தாய்வு தொடங்கவிருந்தது ஜூலை 14. காத்திருந்து வருகிறவருக்கு அரசுக் கல்லூரியில் மிச்சம் மீதிதான். இரண்டுக்கும் இப்போதே போட்டு வைத்து, பிறகு ஒன்றை விடுவதுதான் சரி. எங்கே சேர்ந்தாலும் அசல் சான்றிதழைச் சரிபார்த்ததும் திருப்பி வாங்குங்கள். கல்லூரிகள் அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி.

"பொம்பளப் புள்ள பி.எஸ்சி. படிச்சா நாளைக்கு நம்ம பக்கம் என்னன்னு சொல்றது?" மாமா விடவில்லை. இருபது லட்சத்தில் அவர் எவ்வளவு தருவார் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமைதான். ஆனால் பணம் தராதவருக்குப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பணம் தருபவருக்கும் பாதிதான் உண்டு. மீதிப் பாதி அந்த ரெஜிஸ்டர் எழுதுகிறவளுடையது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா போன் செய்தார். அட்வான்ஸ் கட்டவில்லை. இரண்டு விண்ணப்பமும் போட்டாயிற்று, கோவையில் முதல் விருப்பம் புள்ளியியல், அவளே உட்கார்ந்து நிரப்பினாளாம். அவருடைய அண்ணன், அந்த மாமா, இரண்டு நாளாகப் பேசுவதில்லை. "ஆடி நோம்பிக்குள்ள சரியாயிருமுங்க" என்றார்.