‘பொம்மை’ என்று எழுதி முடிப்பதற்குள்

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. நாள் முழுக்க வாய் ஓயாமல் கதை சொல்கிறாள். சரி, அதை எழுதிக் காட்டு என்று நோட்டைக் கொடுத்தால் இரண்டு வரியில் நிறுத்திவிடுகிறாள். சோம்பலா, எழுதவே பிடிக்கவில்லையா?

பதில்: இரண்டும் இல்லை. அவளுடைய கதை ஓடுகிற வேகத்துக்கு அவளுடைய கை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ‘பொம்மை’ என்று அவள் எழுதுவதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாயில் முதலில் வருவது ப, ஆனால் கை முதலில் போட வேண்டியது ஒரு கொம்பு. அப்புறம் ப, அப்புறம் கால், பிறகு ம் மேலே மறக்காமல் புள்ளி, அடுத்த மை-க்கு மறுபடியும் முன்னால் ஒரு கொம்பு. இதையெல்லாம் முடித்து நிமிர்வதற்குள் அந்தப் பொம்மை என்ன செய்யப் போனது என்பதே அவளுக்கு மறந்து போயிருக்கும்.

அதனால் கொஞ்ச நாளுக்குப் பேனா உங்கள் கையில் இருக்கட்டும். அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். முக்கியமான விஷயம், அவள் சொன்ன சொல்லையே எழுத வேண்டும், நீங்கள் அழகுபடுத்தக் கூடாது. சிகாகோவில் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்த விவியன் பேலி இதைத்தான் பல ஆண்டுகள் செய்தார். குழந்தைகள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார், பிறகு வகுப்பே சேர்ந்து அந்தக் கதையை நடித்துப் பார்க்கும். தான் சொன்னது இன்னொருவர் உடம்பில் அசைவதைப் பார்க்கும்போது, எங்கே கதை விட்டுப்போயிருக்கிறது என்பது குழந்தைக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது. வீட்டில் நீங்கள் இரண்டு பேர் இருந்தாலே நடிக்கலாம்.

எழுதியதை உடனே விரல் வைத்து வாசித்துக் காட்டுங்கள். 5 வயதுப் பையன் ஒருவன் என்னிடம் சொன்ன கதை இது: “பூனை வந்துச்சு. பெட்டிக்குள்ள போச்சு. முடிஞ்சது.” நான் அப்படியே எழுதி, அப்படியே வாசித்தேன். அவன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். அப்புறம் ‘முடிஞ்சது’ என்ற சொல்லின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, “பெட்டில ஏற்கெனவே ஒருத்தர் இருந்தாங்க” என்றான். நான் எதுவும் கேட்கவில்லை, வாசித்தது மட்டும்தான். திருத்தி எழுதுவது என்றால் என்ன என்று அவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதே இல்லை.

கொஞ்சம் பழகிய பிறகு தலைப்பை அவளே எழுதட்டும், அடுத்து கடைசி வரியை. பேனா மெதுவாக அவள் பக்கம் போய்விடும்.

கேள்வி: 8 வயது மகன் பக்கம் பக்கமாக எழுதுகிறான், ஆனால் எல்லாமே “அப்புறம்… அப்புறம்…” என்றுதான் போகிறது. கதையாகவே இல்லை. எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பதில்: முதலில் அவனைத் தடுக்காதீர்கள், பக்கம் பக்கமாக எழுதுகிற குழந்தை கிடைப்பது பெரிய விஷயம். குழந்தைகள் சொல்லும் கதைகளை ஆராய்ந்து ஆர்தர் ஆப்பிள்பி என்ற கல்வியாளர் 1978-ல் ஒரு நூல் வெளியிட்டார். தொடர்பில்லாத ஒரு குவியலாகத் தொடங்குகிற கதை, சங்கிலி போல ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு, அதன் பிறகுதான் ஒரு மையத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர் கண்டது. உங்கள் மகன் சங்கிலியில் இருக்கிறான், அடுத்த படி பக்கத்தில்தான்.

அந்தப் படிக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இதில் யாருக்கு என்ன வேணும்? அவன் எழுதியது இப்படி இருக்கிறது என்று வையுங்கள். எறும்பு எழுந்தது, அப்புறம் நடந்தது, அப்புறம் ஒரு குடையைப் பார்த்தது, அப்புறம் மழை பெய்தது, அப்புறம் வீட்டுக்குப் போனது. எறும்புக்கு என்ன வேணும் என்று கேளுங்கள். “குடைய வீட்டுக்குக் கொண்டு போகணும்” என்பான். சரி, இனி ‘அப்புறம்’ வருகிற இடங்களில் ‘ஆனால்’, ‘அதனால்’ இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வாயாலேயே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். எறும்புக்குக் குடை வேணும், ஆனால் குடை ரொம்பப் பெரிசு, அதனால் கூட்டாளிகளைக் கூப்பிடப் போனது, ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்குள் குடைக்காரர் திரும்பி வந்துவிட்டார். எறும்பும் குடையும் அதேதான், ஆனால் இப்போது அடுத்து என்ன ஆகும் என்று நமக்கே கேட்கத் தோன்றுகிறது இல்லையா? எல்லா ‘அப்புறத்தையும்’ அடித்துவிட வேண்டாம், இரண்டு மூன்று இடத்தில் மாறினாலே போதும்.

கேள்வி: “எதைப் பத்தி எழுதுறது?” என்று கேட்டுவிட்டு வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தலைப்பு கொடுத்தாலும் நகர்வதில்லை.

பதில்: தலைப்பு கொடுத்தால் கட்டுரைதான் வரும். இரண்டு சொல் கொடுத்துப் பாருங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு. இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜான்னி ரோடாரி, கதை கட்டுவது பற்றி 1973-ல் வெளியிட்ட நூலில் இந்த முறையை விளக்கியிருக்கிறார். கரும்பலகையின் முன்பக்கம் ஒரு பிள்ளை ஒரு சொல் எழுதும், பின்பக்கம் இன்னொரு பிள்ளை, முதல் சொல்லைப் பார்க்காமல். நாய், அலமாரி என்பது அவர் காட்டும் உதாரணம். குதிரை, நாய் என்று கொடுத்தால் மனசு சும்மா கிடக்கும், இரண்டும் பழகின ஜோடி.

தமிழில் இந்த விளையாட்டுக்கு வேற்றுமை உருபுகள் அற்புதமாக உதவுகின்றன. அலமாரிக்குள் நாய். நாயின் அலமாரி. நாயோடு ஓர் அலமாரி. நாய்க்கு ஓர் அலமாரி. ஒவ்வொன்றும் வேறு கதை, பாருங்கள்! நாய்க்கு எதற்கு அலமாரி, உள்ளே என்ன வைக்கும், யாருக்குத் தெரியாமல் வைக்கும்? இரண்டு சொல்லையும் அவளே தேர்ந்தெடுப்பதைவிட ஒன்றை அவளும் ஒன்றை நீங்களும் மறைத்து எழுதித் திறந்து பார்ப்பது நல்லது.

கேள்வி: எழுத்துப் பிழை ஏராளம். பேச்சு வழக்கிலேயே எழுதுகிறான். திருத்தலாமா, விட்டுவிடலாமா?

பதில்: முதல் வாசிப்பில் கதையைப் பற்றி மட்டும் பேசுங்கள். லகர ழகரத்தை மறுநாள் பார்க்கலாம், அதுவும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு பிழை. கதை நோட்டில் சிவப்பு மை படவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ‘ழ’ எழுதப் பயந்து ‘மழை’யைக் கதையிலிருந்தே தூக்கிவிட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

பேச்சு வழக்கு குற்றமே இல்லை, அதற்கு ஓர் இடம் இருக்கிறது. யாராவது பேசினால் பேசுகிற மாதிரியே எழுது, நீ சொல்வதைப் பாடப்புத்தகம் மாதிரி எழுது என்று பிரித்துக் காட்டுங்கள். பேச்சை மேற்கோள் குறிக்குள் போடப் பழகினால் பாதி வேலை முடிந்தது. “நீ எங்க போற?” என்று கேட்டாள். இதில் எது யாருடைய குரல் என்று பிள்ளைகள் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: எல்லாக் கதையையும் “முழிச்சுப் பார்த்தான், எல்லாம் கனவு” என்று முடித்துவிடுகிறாள்!

பதில்: கதாநாயகனை இக்கட்டில் மாட்டிவிட்டாள், வெளியே எடுக்க வழி தெரியவில்லை, அதனால்தான் எழுப்பிவிடுகிறாள். அந்தக் கடைசி வரியை மட்டும் ஒரு தாளால் மூடிவிட்டு, “இது கனவு இல்லைன்னா எப்படித் தப்பிப்பான்?” என்று கேளுங்கள். பதில் உடனே வராது, மறுநாள் குளிக்கும்போதோ சாப்பிடும்போதோ வரும். அப்போது பேனா பக்கத்தில் இருக்கட்டும்.