27 வயதாகியும் எந்தத் திசையில் போவதென்று தெரியவில்லை. உங்கள் வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

நாலு நாளாக இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். நமக்கு எதற்கு வம்பு என்றுதான் இருந்தேன். ஆனால் ஒருவர் வந்து "காலை நாலரைக்கு எழுந்திருங்கள், ஐந்தாண்டுத் திட்டத்தை நோட்டில் எழுதுங்கள், நோக்கம் தானாகத் தெரியும்" என்று பதில் போட்டிருந்தார். அதைப் படித்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

நீங்கள் படிப்பை முடித்து, பிடிக்காத ஒரு வேலையில் உட்கார்ந்துகொண்டு, கூடப் படித்தவன் எல்லாம் எங்கோ போய்விட்டான் என்று ராத்திரி போனைத் தள்ளிக்கொண்டே படுத்திருப்பவர் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். நான் எழுதப்போவது அந்த ஆளுக்குத்தான்.

நான் ரங்கூன்காரன். சரியாகச் சொன்னால் ரங்கூன் ஆற்றுக்கு அந்தக் கரை, டலா. வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆமாம், பர்மாவில் இன்னும் தமிழர்கள் இருக்கிறோம். ஆமாம், வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். எழுதப் படிக்கக் கற்றது கோயில் மண்டபத்தில், சாயங்கால வகுப்பில், பாய் விரித்து. அதனால் எங்காவது சந்திப்பிழை இருந்தால் அதைத் திருத்துவதற்காக மட்டும் யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். போன பதிலில் அது நடந்தது.

1996-இல் எனக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம், கெமிஸ்ட்ரி. எங்கள் சந்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த டிசம்பரில் மாணவர் போராட்டம் வந்தது, பல்கலைக்கழகங்களை இழுத்து மூடினார்கள். ஒரு மாதம் இருக்கும், மூன்று மாதம் இருக்கும் என்று பார்த்தோம். திறந்தது 2000-இல். அரசியல் பேச வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மூன்றரை வருஷம் ஒரு பையன் "இன்னும் திறக்கவில்லையா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் மண்டைக்குள் என்ன ஆகும் என்பது உங்களுக்குப் புரியும். உங்களுக்குத் திசை தெரியவில்லை. எனக்குத் திசை நன்றாகவே தெரிந்திருந்தது, அந்தப் பக்கம் கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. இரண்டில் எது மோசம் என்று இன்றைக்கும் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது.

வீட்டில் உட்கார முடியாமல் தினமும் படகேறி இந்தக் கரைக்கு வருவேன். பத்து நிமிஷப் பயணம், இறங்கினால் பன்சோடான் தெரு. எங்கள் தாத்தா கடைசிவரை அதை ஃபேயர் ஸ்ட்ரீட் என்றுதான் சொன்னார். செங்கல் நிறத்தில் பழைய ஹைகோர்ட் கட்டடம் இருக்கிறதே, அந்தப் பக்கத்து நடைபாதைகளில் அப்போது டைப் அடிப்பவர்கள் குடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். மனு, ஒப்பந்தம், பிரமாணப் பத்திரம், எது வேண்டுமானாலும் நீங்கள் வாயால் சொன்னால் அவர்கள் பர்மிய மெஷினில் தட்டிக் கொடுப்பார்கள். அதில் ஒரு பெரியவர், பர்மாக்காரர். ஊலே என்று கூப்பிடுவேன், நம் ஊர் மாமா மாதிரி. முதலில் டீ வாங்கிக் கொடுத்தேன், அப்புறம் கார்பன் தாள் அடுக்கிக் கொடுத்தேன், அப்புறம் அவர் கண் மங்கியபோது நானே தட்டினேன். அவ்வளவுதான் என் "கேரியர் பிளான்".

அவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று. விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதே. இல்லை என்றால் இல்லை என்று எழுது, இல்லாவிட்டால் ஒரு கோடாவது போடு. காலியாக விட்ட கட்டத்தில் வேறு யாராவது எழுதிவிடுவார்கள்.

பல்கலைக்கழகம் திறந்தபோது நான் போகவில்லை. இளநிலை வகுப்புகளை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்கள், பஸ்ஸுக்குக் காசில்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லலாம். நிஜம் என்னவென்றால் எனக்குக் கூச்சமாக இருந்தது. இருபத்து மூன்று வயதில் திரும்ப முதல் பெஞ்சில் உட்கார.

எங்கள் குடும்பப் பட்டியலில், வீட்டில் யார் யார் என்று அரசு பதிவு செய்து தருகிற, 66/6 என்று நம்பர் போட்ட அந்தத் தாளில், தொழில் என்ற கட்டத்தில் எனக்கு 'ஜபான்' என்று எழுதியிருக்கும். ஜப்பானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிடைத்த வேலையைச் செய்கிறவன் என்று அர்த்தம். பத்து வருஷம் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. அந்தக் காலத்தில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் கப்பலேறினார்கள். தாத்தாவின் தம்பிகள் இரண்டு பேரும் போனார்கள். தாத்தா போகவில்லை. அவர்கள் பிள்ளைகள் இப்போது சென்னையில் நல்ல நிலையில் இருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் போன் செய்யும்போதெல்லாம் இரண்டே கேள்வி. ஒன்று, "நீங்க ஏன் இன்னும் அங்கேயே கிடக்கிறீங்க?" இரண்டாவது, பச்சைக்கல் மலிவாகக் கிடைக்குமா. போன வருஷம் ஒரு சித்தப்பா மகன், பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே வீடியோ காலில் வந்து, "உங்க ஊர் சாப்பாடுதான் அண்ணே" என்றான். இங்கே கரண்ட் போய் எட்டு மணி நேரமாகிவிட்டது. "நல்லா சாப்பிடு தம்பி" என்றேன். கிடக்கிறோமாம். தாத்தா இங்கே கிடக்கவில்லை, இருந்தார். சரி, விடுங்கள்.

2008, மே 2 ராத்திரி நர்கிஸ் புயல். ஐராவதி டெல்டா பக்கம் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். அதோடு ஒப்பிட்டால் டலாவில் எங்களுக்கு நடந்தது ஒன்றுமே இல்லை. கூரை போனது, சுவர் போனது, நாங்கள் இருந்தோம். மூன்றாம் நாள் அடுத்த சந்து ஆயா ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போது அவருக்கு எழுபது வயது இருக்கும். டப்பாவுக்குள் ஆற்றுத் தண்ணீரும் காகிதமும் கூழாகிக் கிடந்தன.

அதை நான் காயவைத்த கதையைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவு அட்டை, அதாவது அந்தக் கால அடையாள அட்டை, மூன்றாக மடிக்கிற மாதிரி இருக்கும். மடிப்புக்குள் போட்டோ எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் முகம் போய்விடும். வெயிலில் வைத்தால் சுருண்டுவிடும். சோற்றுப் பானை மூடிமேல் துணி போட்டு, அதன்மேல் அட்டையை வைத்து, ஆவியின் இளஞ்சூட்டில் ஓரம் விட ஆரம்பித்ததும் மூங்கில் சீவலை உள்ளே நுழைத்து, நூல் நூலாகப் பிரித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைகூடப் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவில் இடது கண்ணும் மூக்கும் மிஞ்சின. "இதுல இருக்கிறது நான்தான்னு தெரியுதா?" என்றார். தெரிகிறது ஆயா என்றேன்.

அட்டை மிஞ்சியது, பிரச்சினை அப்புறம்தான் ஆரம்பித்தது. ஆயாவின் அப்பா பெயர் ராக்கன். பர்மிய மொழியில் 'ர' எழுத்து உண்டு, ஆனால் வாயில் 'ய' என்றுதான் வரும். அதனால் பழைய அட்டையில் அவர் யாக்கன். குடும்பப் பட்டியலில் எவனோ ஒரு புத்திசாலி 'ர' கெட்டுப்போகக் கூடாதென்று 'ல' போட்டு லாக்கன் ஆக்கியிருந்தான். அப்பாவுடைய வெளிநாட்டார் பதிவுப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ராக்கன். மாற்று அட்டைக்குப் போன இடத்தில், எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் மூன்று தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, உனக்கு எத்தனை அப்பா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆயா பர்மிய மொழி நன்றாகவே பேசுவார், படிக்கத்தான் தெரியாது. அவருக்குப் புரிந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து, படகுத்துறைவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு மட்டும் வேறொன்றும் புரிந்தது. 'ல' போட்ட அந்தப் புத்திசாலி நானாகக்கூட இருக்கலாம். 99, 2000 வாக்கில் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பட்டியல் படி எடுத்துக் கொடுத்ததெல்லாம் நான்தான். அந்தத் தாளில் கையெழுத்து இல்லை, டைப் எழுத்துக்கு யார் முகம் இருக்கிறது? ஆயாவிடம் இதைச் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறை சொல்கிறேன்.

மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் தயார் செய்தேன். வார்டு ஆபீஸ் சிபாரிசு, பக்கத்து வீட்டு சாட்சி இரண்டு பேர், கோயில் கணக்கில் ஆயாவின் அப்பா பெயர் இருந்த பக்கத்துக்கு மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பினேன். பதினாலு மாதம். எத்தனை தடவை படகேறினேன் என்று எண்ணவில்லை. அந்தப் பதினாலு மாதத்தில் ஒரு நாள்கூட என் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று நான் யோசிக்கவில்லை என்பது முடிந்த பிறகுதான் உறைத்தது. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். தேடி நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வேலை வந்து மடியில் விழுந்தது, பாதியில் விட வெட்கமாக இருந்தது.

அட்டை வந்தது, நீல நிறத்தில். இங்கே 1982 சட்டப்படி குடியுரிமை மூன்று வகை. முழுக் குடிமக்களுக்கு ரோஸ் அட்டை, அடுத்த இரண்டு வகைக்கு நீலமும் பச்சையும். எண்ணுக்கு நடுவில் அடைப்புக்குள் ஒரு சுருக்கெழுத்து இருக்கும், நீல அட்டையில் 'எ'. அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்று அர்த்தம். விருந்தாளிக் குடிமகன். டலாவில் பிறந்து, டலாவில் ஆறு பிள்ளை பெற்று, புருஷனை அங்கேயே புதைத்த பொம்பளை. அட்டையைத் தடவிக்கொண்டே "என்னப்பா போட்டிருக்கு?" என்றார். குடிமகள் என்று போட்டிருக்கிறது ஆயா என்றேன்.

பொய் சொல்லலாமா என்று யாராவது கேட்பீர்கள். பாதிதானே விட்டேன். உங்கள் ஆயாவாக இருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துவிட்டு வாருங்கள்.

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டப்பா டப்பாவாக. பிறப்புச் சான்று, பெயர் மாற்றம், மூன்றாம் தலைமுறைக்கு முழுக் குடியுரிமை கேட்கும் மனு. மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்தது. ஜோஜி என்ற பர்மிய எழுத்துருவைப் பழகி முடிப்பதற்குள், 2019 அக்டோபர் 1 முதல் எல்லாம் யூனிகோடு முறைதான் என்றார்கள், அத்தனை பழைய ஃபைலும் எழுத்துக் குழம்பித் தெரிந்தது. அந்தப் புலம்பலுக்குத் தனிப் பதில் வேண்டும்.

இலவசமாகச் செய்கிறேன் என்று நான் சொல்லவில்லை, ஆகவே தியாகி என்று யாரும் எழுத வேண்டாம். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். கொடுக்க முடியாதவர்கள் வாழைப்பழத்தோடு வருவார்கள், அதையும் வாங்கிக்கொள்வேன். என் மனைவியைக் கேட்டால் இதெல்லாம் ஒரு பிழைப்பா என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பெண்ணின் டியூஷன் காசை அவள்தான் தையல் மெஷினில் சம்பாதிக்கிறாள். கெமிஸ்ட்ரி படித்திருந்தால் எப்படி இருந்திருப்பேன் என்று இன்றைக்கும் சில ராத்திரி தோன்றும். தோன்றாது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

66/6-இல் இன்னும் 'ஜபான்' தான். ஊருக்கெல்லாம் மாற்றிக் கொடுக்கிறவன் சொந்தத் தாளுக்கு மனு போடவில்லை. என்ன தொழில் என்று மாற்றுவது? ஒரு தடவை எழுத உட்கார்ந்தேன், சொல் கிடைக்கவில்லை, ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆயா போய் ஆறு வருஷமாகிறது. போன வாரம் அவர் பேத்தி வந்தாள், பிறந்த குழந்தைக்குப் பதிவு செய்ய வேண்டுமாம். பெயர் என்னம்மா என்றேன். யூடியூபில் பார்த்து வைத்தோம் அண்ணே, ராகவர்ஷினி என்றாள். இரண்டு 'ர'. உன் கொள்ளுத்தாத்தா கதை தெரியுமல்லவா, 'ர' இல்லாத பெயராக ஏதாவது பாருங்கள், கமலா, மீனா என்று எத்தனையோ இருக்கிறதே என்று மன்றாடிப் பார்த்தேன். மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். நாளைக் காலை முதல் படகில் தாளோடு வருகிறாள். கரண்ட் இருக்கும்போதே போனுக்குச் சார்ஜ் போட வேண்டும், இதோடு நிறுத்துகிறேன்.