ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ், பூல்: ஒரே க்யூ போதுமா?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். கிளப்பில் பெரிய மேஜையில் ஸ்னூக்கர் ஆடுவேன். மூத்த உறுப்பினர்கள் கூப்பிட்டால் மூன்று பந்து பில்லியர்ட்ஸும் உண்டு. கோவையில் கல்லூரியில் படிக்கும் மகள் அங்கே பூல் ஆடிப் பழகியிருக்கிறாள். இதுவரை கிளப் ஸ்டாண்டில் கிடைக்கும் க்யூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, எடுத்தே ஆடினேன். இப்போது சொந்தமாக வாங்க நினைக்கிறேன். எல்லா ஆட்டத்துக்கும் ஒன்றே போதுமா? எங்கள் ஊர் ஈரத்தில் க்யூ வளைந்துவிடாதா?

பதில்: ஸ்னூக்கருக்கும் பில்லியர்ட்ஸுக்கும் ஒரே க்யூ தாராளமாகப் போதும். பூலுக்கு வேறு வேண்டும். ஈரத்தில் க்யூ வளையும், ஆனால் பார்த்து வாங்கி ஒழுங்காக வைத்தால் பல வருடம் நேராகவே இருக்கும்.

க்யூவைத் தேர்ந்தெடுக்கும்போது ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பந்தைப் பாருங்கள். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். பில்லியர்ட்ஸ் பந்தும் அதே அளவுதான், மேஜையும் அதே 12 அடி மேஜைதான். இது தற்செயல் இல்லை. 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் பில்லியர்ட்ஸ் மேஜையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடியதில்தான் ஸ்னூக்கர் பிறந்தது. அதன் விதிகள் 1882இல் உங்கள் பக்கத்து ஊரான ஊட்டியின் கிளப்பில் எழுதி ஒட்டப்பட்டன. மேஜையும் பந்தும் ஒன்றாக இருப்பதால் க்யூவும் ஒன்றே போதும். பூல் பந்து 57.15 மில்லிமீட்டர், எடை 156 முதல் 170 கிராம் வரை. ஸ்னூக்கர் பந்து சுமார் 140 கிராம்தான். வித்தியாசம் கையில் எடுத்தால் பெரிதாகத் தெரியாது, அடித்தால் தெரியும்.

வெள்ளைப் பந்தின் மையத்திலிருந்து ஆரத்தில் ஏறக்குறைய பாதி தூரம் வரைதான் தள்ளி அடிக்க முடியும். அதைத் தாண்டினால் க்யூ நுனியில் ஒட்டியிருக்கும் தோல் டிப் வழுக்கி, அடி தவறும். அதுதான் மிஸ்க்யூ. ஸ்னூக்கர் பந்தில் அந்த எல்லை மையத்திலிருந்து 13 மில்லிமீட்டர். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று நீங்கள் கொடுக்கும் ஸ்பின் எல்லாம் இந்தச் சின்ன வட்டத்துக்குள்தான். இதில் 13 மில்லிமீட்டர் பூல் டிப்பைக் கொண்டுபோய் வைத்தால் எங்கே தொடப்போகிறோம் என்பதே கண்ணுக்குத் தெரியாது. அரை டிப் அளவு பக்கவாட்டு ஸ்பின் கொடுக்க நினைப்பீர்கள், முக்கால் டிப் விழும். வெள்ளைப் பந்து மேஜை ஓரத்து ரப்பர் குஷனை ஒட்டி நிற்கும்போது நிலைமை இன்னும் மோசம். அப்போது அடிக்கக் கிடைப்பது பந்தின் மேல் பகுதி மட்டும்தான். தடித்த டிப் அங்கே பாதி காற்றில் நிற்கும்.

அதனால் ஸ்னூக்கர் க்யூவின் டிப் 9 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும். முதல் க்யூ வாங்குபவருக்கு 9.5 சரி. 9க்குக் கீழே போக வேண்டாம், கை நன்றாகப் பழகியவர்களுக்கே அது ஒத்துவரும். பூல் க்யூ 12 முதல் 13 வரை. உலக பூல் விதியில் டிப் 14 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, க்யூ 25 அவுன்ஸைத் தாண்டக்கூடாது, நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக்கூடாது.

டிப் அளவோடு விஷயம் முடியவில்லை. க்யூவின் நீண்ட முன்பகுதியான ஷாஃப்டின் வடிவமும் வேறு. ஸ்னூக்கர் ஷாஃப்ட் டிப்பிலிருந்து பின்பக்கம் வரை சீராகத் தடித்துக்கொண்டே போகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்துத் தள்ள இது வசதி. பல பூல் ஷாஃப்டுகளில் முன்பக்கத்து 10 முதல் 15 அங்குலம் வரை ஒரே தடிமன். ஆள்காட்டி விரலை வளையமாகச் சுற்றிப் பிடித்து ஆடுபவர்களுக்கு அப்படி இருந்தால்தான் க்யூ இறுகாமல் ஓடும். உங்கள் மகள் எப்படிப் பிடித்து ஆடுகிறாள் என்று ஒருமுறை பாருங்கள். விரலைச் சுற்றி ஆடினால் ஸ்னூக்கர் க்யூ அவளுக்குப் பாதி ஓட்டத்தில் இறுகும், எரிச்சல்தான் மிஞ்சும்.

ஸ்னூக்கர் க்யூவை வைத்துப் பூல் ஆடலாமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண ஷாட்டுக்கு ஆடலாம், ஒன்றும் ஆகாது. ஆட்டத் தொடக்கத்தில் பந்துக் குவியலைச் சிதறடிக்கும் பிரேக் மட்டும் அடிக்காதீர்கள். கனமான பந்தை முழு வேகத்தில் அடிக்கும்போது 9.5 மில்லிமீட்டர் டிப் நசுங்கிக் காளான் போல ஓரம் விரியும், டிப்புக்குக் கீழே உள்ள பித்தளை வளையமான ஃபெரூல் தளரும், சில சமயம் ஃபெரூலுக்குக் கீழே ஷாஃப்டில் மெல்லிய விரிசல் விழும். விரிசல் விழுந்த ஷாஃப்டுக்கு வைத்தியம் கிடையாது. பிரேக்குக்கு அங்கே இருக்கும் பொது க்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். தீவிரமாகப் பூல் ஆடுபவர்கள் பிரேக்குக்கென்றே ஃபீனாலிக் என்ற கடினப் பிளாஸ்டிக் டிப் அல்லது கடினத் தோல் டிப் போட்ட தனி க்யூ வைத்திருப்பார்கள். பந்தைத் தாண்டிக் குதிக்க வைக்க 40 அங்குல ஜம்ப் க்யூவும் உண்டு. ஸ்னூக்கரில் வெள்ளை இன்னொரு பந்தைத் தாண்டிக் குதித்தால் ஃபவுல், ஆகவே உங்களுக்கு அது தேவையில்லை.

இரண்டு க்யூ வாங்க வசதிப்படாதவர்கள் 10.5 அல்லது 11 மில்லிமீட்டர் டிப்பில் நடுத்தரமாக ஒன்று வாங்குவதுண்டு. சீனத்து எட்டுப் பந்து ஆட்டத்துக்கு ஏறக்குறைய இந்த அளவில் க்யூ வருகிறது. அது பூல் பந்தை ஸ்னூக்கர் மேஜை மாதிரி வளைந்த பாக்கெட்டில் போடும் ஆட்டம். பொழுதுபோக்குக்கு இது போதும். கிளப்பில் வாரத்துக்கு மூன்று நாள் ஸ்னூக்கர் ஆடும் உங்களைப் போன்றவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

ரிசார்ட்டுகளில் 7 அடி, 8 அடி பூல் மேஜைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சிலவற்றில் எண் போட்ட பந்து இருந்தாலும் அளவு 2 அங்குலம்தான், அதாவது 50.8 மில்லிமீட்டர். பந்தை இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே வைத்து, புத்தகங்களுக்கிடையே உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் தெரிந்துவிடும். அந்தச் சின்னப் பந்துக்கு உங்கள் ஸ்னூக்கர் க்யூவே பொருத்தம். பாக்கெட் இல்லாத கேரம் பில்லியர்ட்ஸுக்கு 61.5 மில்லிமீட்டர் பந்தும், குட்டையாக, விறைப்பாக உள்ள க்யூவும் வேண்டும். நம் பக்கத்தில் அந்த மேஜை அபூர்வம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இனி உங்கள் க்யூ. நீளம் 57 அல்லது 58 அங்குலம். நேராக நின்று க்யூவைத் தரையில் ஊன்றினால் டிப் தோளுக்கும் தாடைக்கும் இடையில் வர வேண்டும். எடை 17½ முதல் 18½ அவுன்ஸ், அதாவது 500 முதல் 525 கிராம். இதில் மலைவாசிகள் அடிக்கடி சறுக்குகிறார்கள். மழைக்காலத்தில் மேஜைத் துணி ஈரம் குடித்துப் பந்து சீக்கிரம் நின்றுவிடும். உடனே 20 அவுன்ஸ் க்யூ வாங்கினால் பந்து ஓடும் என்று நினைக்கிறார்கள். வேகம் கையின் ஓட்டத்திலிருந்து வருவது. கனத்த க்யூவில் மெதுவான ஷாட் கட்டுக்குள் நிற்காது, பில்லியர்ட்ஸில் அடிக்கும் பந்து மற்ற இரண்டு பந்தையும் தொட வேண்டிய கேனன் ஷாட்டில் அது நேராகவே தெரியும். மேஜையை வேளைக்கு இஸ்திரி போடச் சொல்லி, மேஜையைப் பார்த்துக்கொள்ளும் கிளப் ஊழியரான மார்க்கரிடம் கேளுங்கள், அதில்தான் பலன்.

பில்லியர்ட்ஸை அதிகம் ஆடுபவர்கள் 17 அவுன்ஸையும் கொஞ்சம் மிருதுவான டிப்பையும் விரும்புவார்கள். எப்போதாவது ஆடும் உங்களுக்கு அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஷாஃப்டுக்கு ஆஷ் அல்லது மேப்பிள் மரம். மேப்பிள் வழவழப்பு, ரேகை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆஷில் மேல்பக்கம் அம்பு முனை போல ரேகை வரிசையாகத் தெரியும், பக்கவாட்டில் நீளக் கோடுகள் ஓடும். உங்கள் ஊருக்கு நான் ஆஷைச் சொல்வேன், காரணம் மரத்தின் குணம் கண்ணுக்கு முன்னாலேயே தெரிகிறது என்பதுதான். கையில் பிடிக்கும் தடித்த பின்பகுதி கருங்காலியா ஈட்டியா என்பது எடைக்கும் அழகுக்கும். அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஈரத்தின் கணக்கு இது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 12 சதவீதம் ஈரத்தோடு இருக்கும். மூடுபனியும் மழையுமாக 90 சதவீதத்தைத் தொட்டால் அது 20ஐ நெருங்கும். மரம் ரேகையின் குறுக்கே உப்பும், நீளவாக்கில் அசையவே அசையாது என்று சொல்லலாம். ரேகை முனையிலிருந்து பின்வரை நேராக ஓடினால் ஷாஃப்ட் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உப்பித் தணியும். பாதி வழியில் ரேகை சாய்ந்து பக்கவாட்டில் வெளியே போனால் ஒரு பக்கம் மட்டும் நீண்டு க்யூ வளையும். எனவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, பக்கவாட்டுக் கோடுகளை. டிப்பிலிருந்து குறைந்தது இரண்டு அடிக்கு அவை விளிம்பைத் தாண்டி வெளியே ஓடக்கூடாது.

அடுத்தது நேராக இருக்கிறதா என்ற சோதனை. எல்லோரும் மேஜையில் உருட்டிப் பார்ப்பார்கள். ஸ்னூக்கர் க்யூவின் பின்முனையில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவி முத்திரை பதித்திருக்கும். அதோடு உருட்டினால் நல்ல க்யூவும் துள்ளும். தட்டைப் பகுதியை மேஜை விளிம்புக்கு வெளியே விட்டு, மெதுவாக உருட்டி, ஷாஃப்டுக்கும் பரப்புக்கும் நடுவில் தெரியும் வெளிச்சக் கீற்றைக் கவனியுங்கள். கீற்று ஒரே அளவில் இருந்தால் சரி, விரிந்து சுருங்கினால் வளைவு. பிறகு பின்முனையைக் கன்னத்தருகே வைத்து ஒரு கண்ணால் டிப் வரை பாருங்கள், கால் சுற்று திருப்பித் திருப்பி நான்கு முறை. ஜாயின்ட் உள்ள க்யூவானால் கழற்றி ஷாஃப்டைத் தனியாகவும் இதே மாதிரி பார்க்க வேண்டும். கடைசியாகப் பின்முனையைத் தரையில் லேசாகத் தட்டுங்கள். ஜிர்ரென்று அதிர்வு கேட்டால் ஃபெரூலோ ஜாயின்டோ தளர்ந்திருக்கிறது.

ஜாயின்ட் இல்லாத முழு க்யூ அடிக்க இனிமைதான். ஆனால் ஐந்தடி நீள உறையோடு குன்னூர் பஸ்ஸில் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முக்கால் ஜாயின்டில் ஷாஃப்ட் மூன்றரை அடி நீளம், இணைப்பு பிடிக்கு அருகில் வருவதால் அடி கெட்டியாகக் கைக்கு வந்து சேரும். காரில் போகிறவருக்கு இது உத்தமம். ஸ்கூட்டரில் போகிறவர் நடு ஜாயின்டை எடுக்கலாம், இரண்டரை அடி உறையில் அடங்கும்.

வீட்டில் வைப்பது பற்றி. உங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலம் என்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவனம் தேவை. சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், தன் எடையிலேயே வளையும். கெட்டி உறையில் போட்டு, பீரோவுக்குள் கிடையாகப் படுக்க வைக்கவும். உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். ஈரமாகிவிட்டதே என்று ஹீட்டர் பக்கத்தில் காய வைப்பதுதான் பெரிய கேடு. ஒரு பக்கம் மட்டும் வேகமாக உலர்ந்து அன்றைக்கே வளைந்துவிடும். ஆடி முடித்ததும் ஷாஃப்டை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை வேகவைக்காத ஆளி விதை எண்ணெயைச் சில துளி தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்து ஒட்டாத அளவுக்குத் துடைத்து எடுங்கள். ஆஷின் துவாரங்களில் எண்ணெய் இறங்கினால் ஈரம் மெதுவாகத்தான் நுழையும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது, அது தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து எறியுங்கள். குளிரிலிருந்து கோவைக்கு இறங்கினால் உறையை உடனே திறக்காமல் அறைச் சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் ஜாயின்டின் உலோகத்தில் நீர் பூக்கும். வெயிலில் நிறுத்திய காரிலும் வேண்டாம்.

தோல் டிப் ஈரத்தில் மெத்தென்று ஆகிவிடும். மிருதுவான டிப் இங்கே சீக்கிரம் விரியும், எனவே நடுத்தரக் கடினத்தில் அடுக்குத் தோல் டிப் போடச் சொல்லுங்கள். 9.5 ஃபெரூலுக்கு 10 மில்லிமீட்டர் டிப் வாங்கி ஒட்டி, ஓரத்தைச் சீவுவதுதான் முறை. நீங்களே போடுவதானால் பழைய பசை துளியும் இல்லாமல் ஃபெரூல் முகத்தைத் தட்டையான பலகையில் வைத்த 120 எண் உப்புக்காகிதத்தில் தேயுங்கள். முகம் சாய்ந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. சூப்பர் குளூ ஜெல் ஒரு துளி, அழுத்தி ஒரு நிமிடம், பிறகு கால் மணி நேரம் தொடாதீர்கள். டிப்பைப் பலகையில் கவிழ்த்துப் புது பிளேடால் ஓரத்தைச் சீவி, 400 எண் காகிதத்தால் முடிக்கவும். காகிதம் பித்தளையைத் தொட்டால் ஃபெரூல் ஒவ்வொரு முறையும் மெலிந்துகொண்டே போகும், அங்கே ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மேல் வளைவு புழக்கத்தில் உள்ள சின்ன ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்போடு ஒத்துப்போனால் போதும்.

மகளுக்கு 58 அங்குலம், 19 அவுன்ஸ், 12.5 டிப், மேப்பிள், நடு ஜாயின்ட். அவள் கோவைக்கும் குன்னூருக்கும் மாறி மாறி வருவதால் கார்பன் ஃபைபர் ஷாஃப்டுக்குப் பணம் இருந்தால் நல்லதுதான், ஈரத்தில் அது அசையாது. இல்லையென்றால் மேப்பிளே போதும், அந்தப் பணத்தில் ஒரு கெட்டி உறை வாங்கிக் கொடுங்கள்.