இசைக் கேள்வி பதில்: மாலரைக் காரில் கேட்காதீர்கள்

கேள்வி: குஸ்தாவ் மாலரைக் கண்டக்டர் (இசைக்குழுவை நடத்துபவர்) என்பதா, இசையமைப்பாளர் என்பதா? (வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: அவர் வாழ்ந்த காலத்தில் (1860–1911) கண்டக்டராகத்தான் பெரும் பெயர். 1897 முதல் 1907 வரை வியன்னா அரசவை ஆப்பெராவின் இயக்குநர். சிம்பொனி (பெரிய இசைக்குழுவுக்கான, பல பகுதிகள் கொண்ட இசை) எழுத வாய்த்தது கோடை விடுமுறை மட்டும். அதுவும் ஏரிக்கரைக் குடிலில். யூதர் என்பதால் நாஜிகள் அவர் இசையைத் தடைசெய்தார்கள். 1960களில் அமெரிக்கக் கண்டக்டர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் போன்றவர்கள் மேடைக்கு மீட்டு வந்தார்கள். இசையமைப்பாளர்களில் முந்திய தலைமுறை வாக்னருக்கும் பிந்திய ஷோன்பெர்க்குக்கும் நடுவே நிற்பவர். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் சிம்பொனிகளில் அவர் சாயல் நன்றாகவே தெரியும்.

கேள்வி: முதல் சிம்பொனியைக் காரில் போட்டேன். ஏற்காடு மலைப்பாதையில் நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டியும் ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பிறகு காதைப் பிளந்தது. ஸ்பீக்கர் கோளாறா? (வாசகி, ஏற்காடு)

பதில்: ஸ்பீக்கர்மேல் பழி வேண்டாம். தொடக்கத்தில் தந்தி வாத்தியங்கள் எல்லாம் ‘ஏ’ என்ற ஒரே சுரத்தை ஏழு ஸ்தாயிகளில், தம்பூரா மாதிரி, மிக மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது கியரில் ஏறும் எஞ்சின் அதை விழுங்கிவிடும். 1889இல் புடாபெஸ்ட் அரங்கேற்றத்தில் கேட்டபோது அந்தச் சுரம் மாலருக்கே கனமாகப் பட்டது. தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மட்டும் வாசிக்கும்படி பிறகு மாற்றினார். மேடையில் நின்று நடத்துகிறவரின் காது அது.

வீட்டில், ஊர் அடங்கிய பிறகு, காதை மூடும் ஹெட்போனில் கேளுங்கள். முதலில் நாலாம் பகுதியின் தொடக்கத்தைப் போடுங்கள். சிம்பல் (உலோகத் தாளத் தட்டு) அடியோடு வெடிக்கும். அது தாங்குகிற அளவுக்குச் சத்தத்தை வைத்துவிட்டு முதலிலிருந்து ஓடவிடுங்கள். அப்புறம் வால்யூமைத் தொடாதீர்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள், நாலு பகுதியும் வரிசை மாறினால் கதை கெட்டது. மொத்தம் 55 நிமிடம் போல ஆகும்.

முதல் பகுதியில் கிளாரினெட்டில் குயில் கூவும்: மேல் ஸவிலிருந்து ப. இந்த இறக்கத்தைப் பிடித்துக்கொண்டால் சிம்பொனி முழுக்க அது வந்துகொண்டே இருப்பது தெரியும். மூன்றாம் பகுதியில் டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியம்) தனியாக வாசிப்பது, நம் பள்ளிப் பிள்ளைகள் ‘ஆர் யூ ஸ்லீப்பிங்’ என்று பாடும் மெட்டுதான். அந்தர காந்தாரம் ஒரு படி இறங்கிச் சாதாரண காந்தாரமாகிவிட்டதால் சவ ஊர்வலமாகிவிடுகிறது. இதை மட்டுமாவது இரண்டு முறை கேளுங்கள்.

கேள்வி: மாலரின் ஐந்தாம் சிம்பொனியில் அடாஜியெட்டோ என்ற மெதுவான பகுதி ஒரு பதிவில் 7 நிமிடம், இன்னொன்றில் 11. எது சரி? (வாசகர், செவ்வாய்பேட்டை)

பதில்: ‘மிக மெதுவாக’ என்றுதான் மாலர் எழுதினார். அவரோடு பழகிய டச்சுக் கண்டக்டர் மெங்கல்பெர்க் 1926இல் 7 நிமிடத்தில் முடித்தார். பெர்ன்ஸ்டைன் 11 நிமிடம் இழுத்தார். தந்தியும் ஹார்ப்பும் மட்டுமே உள்ள பகுதி. இழுத்தால் இரங்கற்பா, நடை கொடுத்தால் காதல் கடிதம். என் ஓட்டு மெங்கல்பெர்குக்கு.