பச்சைக்கல் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: தோட்டத்தில் அறை கட்ட எங்கள் கரிசல் மண்ணிலேயே பச்சைக்கல் (சூளையில் சுடாத மண்கல்) அறுத்தோம். இரண்டாம் நாளே வெடித்துவிட்டது. வைக்கோல் போதவில்லையா?
– வாசகர், விளாத்திகுளம்

பதில்: வைக்கோல் அல்ல, களிதான் கோளாறு. கரிசலில் களி மிகுதி. அதுவும் நனைந்தால் ஊதி, காய்ந்தால் சுருங்கும் ரகம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், கொஞ்சம் உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படியும். களி 15 முதல் 30 சதவீதம் இருந்தால் நல்லது. பாதியே களி என்றால், சட்டிக்குச் சட்டி மணல் சேர்த்தால்தான் 25க்கு இறங்கும். இன்றைய மணல் விலைக்கு, பக்கத்து ஊர்ச் செம்மண் ஒரு லோடு அடிப்பதே மேல்.

100 கிலோ காய்ந்த மண்ணுக்கு, நாலங்குலமாக நறுக்கிய வைக்கோல் ஒரு கிலோ போதும். இரண்டு நாள் ஊறவைத்து, மிதித்து, அச்சில் அறுங்கள். முதல் மூன்று நாள் ஓலை நிழல். பிறகு குத்தாக நிமிர்த்தி மூன்று வாரம் வெயில். எடுத்ததும் வெயிலில் போட்டால் மேல்புறம் முந்திச் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், விரிசல்தான். காய்ந்த கல்லை இடுப்பு உயரத்திலிருந்து மூலை படும்படி போட்டுப் பாருங்கள். முனை மட்டும் உதிர்ந்தால் சுவருக்குப் போகலாம். இரண்டாகப் பிளந்து நடுவில் நிறம் அடர்ந்திருந்தால் இன்னும் காயவில்லை. உடைந்ததை ஊறவைத்து மறுபடி அறுக்கலாம். சுடாத கல்லில் இது ஒரு சௌகரியம்.

கேள்வி: மண்சுவருக்குச் சிமென்ட் பூசினால் மழைக்குத் தாங்குமா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: பூசாதீர்கள். சுவர் ஈரத்துக்கு ஏற்ப அசையும், சிமென்ட் அசையாது. மயிரிழை விரிசலில் இறங்கும் தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளே மண்ணைக் குழைத்துவிடும். ஒருநாள் பூச்சு தகடாகக் கழன்று விழும். மண் பூச்சின்மேல் சுண்ணாம்பு அடியுங்கள். மழையைத் தடுப்பது பூச்சைவிடக் கூரையும் பேஸ்மட்டமும்தான்: கூரை இரண்டரை அடி வெளியே நீளட்டும், கருங்கல் பேஸ்மட்டம் ஒன்றரை அடி உயரட்டும். தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீர்தான் அடிச்சுவரை அரிக்கும்.

கேள்வி: இயந்திரத்தில் அழுத்தும் மண்கல்லுக்குச் சிமென்ட் எவ்வளவு?
– வாசகர், வானூர்

பதில்: மணற்பாங்கான செம்மண்ணுக்கு எடையில் 5 சதவீதம். உங்கள் பக்கத்து ஆரோவில்லின் பார்வையாளர் மையம் இந்த வகைக் கல்லில் எழுந்ததே. களி அதிகமென்றால் சிமென்டைவிடச் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும். தண்ணீர் சேர்த்த கலவையை அரைமணிக்குள் அழுத்திவிடுங்கள். பச்சைக்கல் போல இதையும் வெயிலில் காயப்போட்டுக் கெடுப்பவர்களே அதிகம். சிமென்ட் கலந்த கல் நான்கு வாரம் ஈரத்தில் இருக்க வேண்டும்.